பிளீடிங் டைம், கிளாட்டிங் டைம் ரெண்டும் நார்மல். பல் பிடுங்கின இடத்தில் ராத்திரி ரத்தம் வருது. எப்படி?

சயான்_லேப்தம்பி:

வணக்கம். பக்கத்து பல் கிளினிக்கிலிருந்து பல் பிடுங்குவதற்கு முன்னாடி பிளீடிங் டைம் (குத்தின இடத்தில் ரத்தம் நிற்க ஆகும் நேரம்), கிளாட்டிங் டைம் (எடுத்த ரத்தம் உறைய ஆகும் நேரம்) ரெண்டும் பார்க்கச் சொல்லி பம்பாய் சயானில் எங்கள் லேபுக்கு ஆள் அனுப்புவார்கள். இப்போது வந்திருக்கும் கேஸ் குழப்புகிறது.

ஆண், வயது 34, எடை 60 கிலோ. சர்க்கரை, பிரஷர் இல்லை, மாத்திரை எதுவும் இல்லை. பிளீடிங் டைம் 2 நிமிடம் 15 விநாடி. கிளாட்டிங் டைம் கேப்பிலரி முறையில் 4 நிமிடம் 40 விநாடி. பிளேட்லெட் 2.3 லட்சம். காலை 11 மணிக்குக் கீழ் கடைவாய்ப்பல் எடுத்தார்கள். காஸ் துணியை மடித்துக் கடித்து இருபது நிமிடத்தில் ரத்தம் நின்றுவிட்டது. ராத்திரி சாப்பிட்ட பிறகு மெதுவாகக் கசிய ஆரம்பித்து விடியற்காலை வரை நிற்கவில்லை. குழிக்கு மேல் ஈரல் துண்டு மாதிரி கருஞ்சிவப்பாக ஒன்று தொங்குகிறது, அதன் அடியிலிருந்து கசிவு.

மறுநாள் எடுத்த பி.டி. (ப்ரோத்ராம்பின் டைம்) 12.4 விநாடி (கன்ட்ரோல் 12). பிளாஸ்மா உறையும் நேரத்தை இன்னொரு வழியில் அளக்கும் ஏ.பி.டி.டி. 46 விநாடி (கன்ட்ரோல் 30).

என் கேள்விகள்: ரெண்டு டெஸ்டும் நார்மல் என்றால் ரத்தம் ஏன் வந்தது? வருவதாக இருந்தால் அப்போதே வராமல் பத்து மணி நேரம் கழித்து ஏன்? அடுத்து எந்த சாம்பிள் எடுக்கணும்? அதுவரை அந்தக் குழியை என்ன செய்வது?

---

உறைமோர்:

தம்பி, "ரத்தம் நின்னுடுச்சு" என்பதும் "ரத்தம் உறைஞ்சுடுச்சு" என்பதும் ஒரே காரியம் இல்லை. உங்கள் முதல் ரெண்டு கேள்விக்கும் பதில் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ரத்தக்குழாய் அறுபட்டதும் முதலில் அது தானே சுருங்கும். அடுத்து, உள்சுவர் கிழிந்த இடத்தில் கொலாஜன் வெளியே தெரியும். ரத்தத்தில் மிதக்கும் வான் வில்லிபிராண்ட் ஃபாக்டர் என்ற புரதம் அதன்மேல் ஒட்டி நூலாக நீளும். ஓடிக்கொண்டிருக்கும் பிளேட்லெட்டை அந்த நூல்தான் பிடித்து நிறுத்துகிறது. ஒட்டிய பிளேட்லெட் உருமாறி ஏ.டி.பி.யையும் த்ராம்பாக்ஸேனையும் கக்கும், அது அடுத்தவற்றைக் கூப்பிடும். ஒன்றோடொன்று ஃபைப்ரினோஜனைக் கைப்பிடியாக வைத்துக் கோத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் ஓட்டை அடைபடுகிறது. உங்கள் நோயாளிக்கு இருபது நிமிடத்தில் நின்றது இந்த அடைப்பால். அவருடைய பிளேட்லெட்டில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு.

ஆனால் இது செங்கல்லை அடுக்கி வைத்த மாதிரிதான். சிமென்ட் இன்னும் பூசவில்லை. சிமென்ட் ஃபைப்ரின். அது வருகிற வழி இது: குழாய்க்கு வெளியே இருக்கும் செல்களில் டிஷ்யூ ஃபாக்டர் இருக்கிறது. ரத்தம் அதைத் தொட்டதும் ஃபாக்டர் 7 (உறைய உதவும் புரதங்களுக்கு ஃபாக்டர் என்று எண் போட்டிருக்கிறார்கள்) அதனுடன் சேர்ந்து ஃபாக்டர் 10-ஐ எழுப்பும். 10-உம் 5-உம் சேர்ந்து ப்ரோத்ராம்பினை த்ராம்பினாக்கும். இந்த முதல் சுற்றில் கிடைக்கும் த்ராம்பின் துளியளவுதான், ஏனென்றால் டி.எஃப்.பி.ஐ. என்ற தடுப்பான் உடனே வந்து டிஷ்யூ ஃபாக்டர் வழியை மூடிவிடும். ஆனால் அந்தத் துளி பிளேட்லெட்டை உசுப்பும், 5, 8, 11 மூன்றையும் தட்டி எழுப்பும். பிறகு 9-உம் 8-உம் பிளேட்லெட்டின் மேல்தோலில் உட்கார்ந்து 10-ஐ மறுபடி எழுப்பும்போதுதான் த்ராம்பின் வெள்ளமாக வரும். 8 அல்லது 9 குறைந்தவருக்கு முதல் துளி வரும், வெள்ளம் வராது.

வெள்ளம் வராவிட்டால் என்ன நஷ்டம்? ஃபைப்ரின் உண்டாகத்தான் செய்யும். ஆனால் த்ராம்பின் குறைவாக இருக்கும்போது பின்னப்படும் ஃபைப்ரின் தடித்த இழைகளாக, பெரிய கண்ணுள்ள வலையாக இருக்கும். அதிகமாக இருந்தால் மெல்லிய இழைகள் நெருக்கமாகப் பின்னும். இழைகளுக்குக் குறுக்கே தையல் போடும் ஃபாக்டர் 13-ஐ எழுப்புவதும் த்ராம்பின்தான். கட்டியைக் கரைக்க வரும் பிளாஸ்மினுக்கு எதிராகப் பூட்டுப் போடும் டஃபி என்ற என்ஸைமை எழுப்புவதும் அதுதான். ஆக, த்ராம்பின் குறைந்தால் கட்டி வரும், பூட்டு இல்லாமல் வரும்.

அந்தக் கட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பாருங்கள். எச்சிலில் பிளாஸ்மினோஜனை பிளாஸ்மினாக்கும் சரக்கு இருக்கிறது. வாய் என்பது ரத்தக்கட்டியை இருபத்துநாலு மணி நேரமும் கரைத்துக்கொண்டிருக்கும் இடம். நல்ல கட்டி அதைத் தாங்கும், தளர்ந்த கட்டி சில மணி நேரத்தில் கரையும். ராத்திரி ரத்தத்துக்கு இதுதான் பெரிய காரணம். மூக்கு, கர்ப்பப்பை, சிறுநீர்ப் பாதையிலும் இதே கதைதான்.

இனி கிளாட்டிங் டைம். கேப்பிலரி குழாயை முப்பது விநாடிக்கு ஒருமுறை ஒடித்து நூல் தெரிகிறதா என்று பார்க்கிறீர்கள். அந்த முதல் நூல் தெரியும் நேரத்தில் உருவாகியிருப்பது, வரவேண்டிய மொத்த த்ராம்பினில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. உறைதல் எப்போது ஆரம்பித்தது என்று அந்த டெஸ்ட் சொல்லும். எவ்வளவு வந்தது, எத்தனை மணி நேரம் நிற்கும் என்று சொல்லாது. தவிர, கண்ணாடி பட்டதுமே ஃபாக்டர் 12 விழித்துக்கொண்டு தனி வழியில் ஓட்டத்தைத் தொடங்கிவிடும், உடம்புக்குள் நடப்பது அது இல்லை. ஃபாக்டர் 8 ரெண்டு மூன்று சதவீதம் இருந்தாலே இந்தக் குழாயில் நூல் விழுந்துவிடும். கடுமையான ஹீமோபிலியாவை (8 அல்லது 9 பிறவியிலேயே குறைந்த நோய்) மட்டும்தான் அது காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்டவருக்கு 34 வயதுவரை விஷயம் தெரியாமல் இருந்திருக்காது.

---

நீலமூடி:

உறைமோர் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், பிளேட்லெட் பற்றிய வரி தவிர. பிளீடிங் டைம் நார்மல் என்பதை வைத்து பிளேட்லெட்டுக்கு நற்சான்று கொடுக்காதீர்கள். ட்யூக் முறையில் காது மடலையோ விரலையோ லான்செட்டால் குத்தி முப்பது விநாடிக்கு ஒருமுறை ஃபில்டர் பேப்பரில் ஒற்றுகிறோம். குத்தின ஆழம், தோலின் தடிமன், அறையின் ஏ.சி., எல்லாம் விடையை மாற்றும். 1910-ல் ட்யூக் எழுதினபோது வேறு வழி இல்லை. ஆபரேஷனில் யாருக்கு ரத்தம் கொட்டும் என்று அது முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால்தான் பெரிய இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். லேசான வான் வில்லிபிராண்ட் நோய் அதில் தெரியாமலே போகும்.

இன்னொரு விஷயம், பிளீடிங் டைமையும் நம்மாட்கள் "பி.டி." என்கிறார்கள், ப்ரோத்ராம்பின் டைமையும் "பி.டி." என்கிறார்கள். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு, நம் நாக்கில் ஒன்று. போனில் "பி.டி. பாத்துடுங்க" என்று யாராவது சொன்னால் எந்த பி.டி. என்று திருப்பிக் கேளுங்கள். விரலைக் குத்தி அனுப்பிவிட்டு, ப்ரோத்ராம்பின் டைமுக்கு வேண்டிய நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுக்காத கேஸ்கள் இதனால்தான். இந்தத் திரியிலாவது முழுப்பெயரில் எழுதுவோம்.

உங்கள் ரிப்போர்ட்: ப்ரோத்ராம்பின் டைம் நார்மல், ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டிருக்கிறது. அப்படியென்றால் 7 சரி. 10, 5, 2 (ப்ரோத்ராம்பின்), ஃபைப்ரினோஜன் நான்கிலும் பெரிய குறை இல்லை. சந்தேகம் 8, 9, 11, 12 மேல். இதில் 12 குறைந்தால் ஏ.பி.டி.டி. நூறு விநாடி தாண்டினாலும் ரத்தம் கொட்டாது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற ஆன்டிபாடியும் அப்படித்தான், அது டெஸ்டில் நேரத்தை நீட்டும், உடம்பில் ரத்தக்கட்டியை வரவழைக்கும். இவருக்கு ரத்தம் கொட்டியிருக்கிறது, ஆகவே 8, 9, 11, வான் வில்லிபிராண்ட் பக்கம் போங்கள்.

ஆனால் அதற்குமுன் அந்த 46-ஐ நம்பலாமா? நீல மூடிக் குழாயில் கால்சியத்தைப் பிடித்து ரத்தத்தை உறையவிடாமல் வைக்கும் 3.2 சதவீத சிட்ரேட் 0.3 மி.லி. இருக்கும், ரத்தம் 2.7 மி.லி. சேரணும். ஒன்றுக்கு ஒன்பது. நரம்பு கிடைக்கவில்லை என்று 1.8 மி.லி.யோடு நிறுத்தினால் சிட்ரேட் மிச்சமாகி, நாம் பிறகு ஊற்றும் கால்சியத்தையும் விழுங்கிவிடும். ஏ.பி.டி.டி. பொய்யாக நீளும். கோட்டுக்குப் பத்து சதவீதத்துக்குமேல் குறைந்த குழாயைத் திருப்பி அனுப்பணும், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பது இங்கே கிடையாது. ஹெமட்டோக்ரிட் 55-க்கு மேல் இருந்தாலும் இதே தவறு நடக்கும், அப்போது சிட்ரேட்டைக் குறைக்கணும். ஊதா மூடிக்குப் பிறகு நீலமூடி எடுக்காதீர்கள், ஒட்டிவரும் ஈ.டி.டி.ஏ. ஃபாக்டர் 8-ஐக் குறைத்துக் காட்டும். ஹெப்பரின் ஓடிய லைனிலிருந்தும் எடுக்காதீர்கள். மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்தால் போதும், குலுக்கினால் உள்ளேயே உறைய ஆரம்பித்துவிடும். ஏ.பி.டி.டி.யை நாலு மணி நேரத்துக்குள் ஓட்டணும். ஐஸ் டப்பாவில் முழு ரத்தமாக அனுப்பக் கூடாது, குளிர் பட்டால் ஃபாக்டர் 7 தானாக எழும், வான் வில்லிபிராண்ட் குறையும். ஜூலை மழையில் டெலிவரி பையன் லோக்கல் ரயிலில் மாட்டிக்கொள்வான் என்று தெரிந்தால் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி பிளாஸ்மாவைத் தனியே பிரித்து உறையவைத்து அனுப்புங்கள்.

மறுபடி எடுத்தும் நீண்டிருந்தால் மிக்ஸிங். நோயாளி பிளாஸ்மாவும் நார்மல் பிளாஸ்மாவும் சரிபாதி. ஏ.பி.டி.டி. நார்மலுக்கு இறங்கினால் ஏதோ குறைகிறது. இறங்காவிட்டால் ஏதோ தடுக்கிறது. உடனே ஒருமுறையும், 37 டிகிரியில் ரெண்டு மணி நேரம் வைத்து மறுமுறையும் பாருங்கள். ஃபாக்டர் 8-க்கு எதிரான ஆன்டிபாடி மெதுவாக வேலை செய்யும், முதல் ரீடிங்கில் ஏமாற்றும். வயதானவர்களுக்கும் பிரசவமான பெண்களுக்கும் திடீரென்று உடம்பெல்லாம் கன்றிப்போனால் அதைத்தான் தேடணும்.

பிறகு 8, 9, 11 அஸ்ஸே (ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்ற அளவு), வான் வில்லிபிராண்ட் ஆன்டிஜன் (அந்தப் புரதத்தின் அளவு), அதன் செயல்திறன். சின்ன லேபில் இதெல்லாம் முடியாது. பரேலில் கே.இ.எம். வளாகத்தில் இருக்கும் தேசிய இம்யூனோஹெமடாலஜி நிறுவனம் இந்த வேலைக்கென்றே பெயர் பெற்ற இடம். உங்களுக்கு சயானிலிருந்து எட்டும் தூரம்தான்.

வான் வில்லிபிராண்ட் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ரத்த வகையையும் பாருங்கள். ஏ, பி சர்க்கரைகள் அந்தப் புரதத்தின் மேலும் ஒட்டியிருக்கும். அவை இல்லாத ஓ வகையினருக்கு அளவு சுமார் கால் பங்கு குறைவாகவே இருக்கும், அதனால் மட்டும் நோய் என்று முத்திரை குத்தாதீர்கள். பயம், காய்ச்சல், கர்ப்பம், மாடிப்படி ஓடி வந்தது, எல்லாம் அளவை ஏற்றிக் காட்டும். 8-உம் கூடவே ஏறும். பல் வலியோடு அழுதுகொண்டு வந்தவரின் நார்மல் ரிப்போர்ட்டை நம்பாமல் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது.

எல்லா டெஸ்டும் நார்மல், ஆனால் ஒரு நாள் கழித்து ரத்தம், சின்ன வயதில் தொப்புள்கொடி விழுந்தபோதும் ரத்தம் என்றால் ஃபாக்டர் 13. நாம் பார்க்கும் கடிகாரங்கள் எல்லாமே முதல் நூலோடு நின்றுவிடும், 13-இன் வேலை அதற்குப் பிறகு. கட்டியை 5 மோலார் யூரியாவில் போட்டு ஒரு நாள் விட்டால் 13 இல்லாத கட்டி கரைந்து காணாமல் போகும். அதுவும் கடுமையான குறையை மட்டும்தான் காட்டும்.

---

பல்லாங்குழி:

பல் பக்கத்திலிருந்து. உறைமோர் ஒரு காரணத்தை விட்டுவிட்டார்: ஊசி மருந்து. லிக்னோகெய்னோடு அட்ரினலின் கலந்துதான் போடுகிறோம், 80,000-க்கு ஒன்றோ 2 லட்சத்துக்கு ஒன்றோ. அது குழாய்களை இறுக்கி வைத்திருக்கும். காலையில் "நின்னுடுச்சு" என்று நாம் பார்த்ததில் ஒரு பங்கு அட்ரினலின் உபயம். சில மணி நேரத்தில் அது இறங்கியதும் குழாய்கள் மறுபடி விரியும். நல்ல உடம்பில் அதற்குள் ஃபைப்ரின் இறுகியிருக்கும். இவருக்கு இறுகவில்லை.

இப்போது குழி. அந்த "ஈரல் துண்டு" காப்பாற்ற வேண்டிய கட்டி இல்லை. அடியில் கசிந்துகொண்டே மேலே மேலே படிந்த, பிடிப்பில்லாத ஜெல்லி. அது இருக்கும்வரை நீங்கள் வைக்கும் காஸ் ஜெல்லியைத்தான் அழுத்தும், குழியை அழுத்தாது. நனைந்த காஸால் துடைத்தோ சக்‌ஷன் வைத்தோ முழுக்க எடுத்துவிட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஈறிலிருந்தா, எலும்பிலிருந்தா?

கிளினிக்குக்கு வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியது: உட்கார வையுங்கள், படுக்க வேண்டாம். டிரானெக்ஸாமிக் ஆசிட் 500 மி.கி. மாத்திரை ஒன்றை நன்றாகப் பொடித்து 10 மி.லி. தண்ணீரில் கலக்கினால் 5 சதவீதக் கரைசல். மாவு முழுதும் கரையாது, பரவாயில்லை. காஸைக் கெட்டியாக மடித்து, அதில் நனைத்து, குழிக்கு நேர் மேலே வைத்து முப்பது நிமிடம் கடிக்கணும். கடிகாரம் பார்த்து. அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து "நின்னுடுச்சா" என்று பார்த்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிய்க்கிறீர்கள். பக்கத்துப் பல் உயரத்துக்குமேல் காஸ் எழும்பி நிற்கணும், இல்லாவிட்டால் அழுத்தம் அந்தப் பற்கள்மேல் போய்விடும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும்.

கிளினிக்கில் குழிக்குள் ஜெலட்டின் ஸ்பான்ஜோ ஆக்ஸிடைஸ்டு செல்லுலோஸோ வைத்து, எட்டு வடிவத்தில் தையல் போட்டு, மேலே அதே காஸ். அதன்பின் அந்த 5 சதவீதக் கரைசல் 10 மி.லி. வாயில் ரெண்டு நிமிடம் வைத்திருந்து, கொப்பளிக்காமல் தானாக வழியவிடணும். ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு நாள். டிரானெக்ஸாமிக் புதிதாக எதையும் உறையவைக்காது. பிளாஸ்மினோஜன் ஃபைப்ரினைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியில் முன்கூட்டி இது போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் இருக்கிற கட்டி கரையாமல் நிற்கும். ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி 1962-ல் வெளியிட்ட மருந்து. சிறுநீரில் ரத்தம் போகிறவருக்கு மாத்திரையாகக் கொடுக்காதீர்கள், சிறுநீர்க்குழாயில் கட்டி அடைத்துக்கொள்ளும்.

துப்புவதுதான் பம்பாயில் பெரிய தொல்லை. ரத்த ருசி வந்ததும் துப்பத்தான் தோன்றும், துப்பினால் வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகிக் கட்டி கழன்று வரும். "துப்பாதீங்க, தூக்கோ மத், துங்கூ நக்கா" என்று மூன்று பாஷையிலும் சொல்லிவிடுங்கள். ஸ்ட்ரா போட்டு இளநீர் வேண்டாம். மாவா, குட்கா, பீடி வேண்டாம். முதல் நாள் ஆறின தயிர்சாதம். வடாபாவைக் கண்ணில் காட்டாதீர்கள். வலிக்கு பாரசிட்டமால் மட்டும். ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா பிளேட்லெட்டையும் மந்தமாக்கும்.

முப்பது நிமிடம் ரெண்டு சுற்று ஒழுங்காக அழுத்தியும் நிற்காவிட்டால், தலைசுற்றினால், நாக்கின் அடியோ கழுத்தோ வீங்கினால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால் கேஷுவாலிட்டி, யோசிக்கவே வேண்டாம். ஏ.பி.டி.டி. நீண்டவருக்குக் கீழ்த்தாடையில் மறுபடி ஆழமான நரம்பு பிளாக் ஊசி போடாதீர்கள். உள்ளே கசிந்து தொண்டைப் பக்கம் இறங்கினால் மூச்சுக்குழாயை நெருக்கும். தையலுக்கு ஈறின் ஓரமாக மேலோட்டமாகப் போட்டாலே மரத்துவிடும்.

---

காலாகில்லா:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கணும். பெரியவர்கள் எக்கோஸ்ப்ரின் (ஆஸ்பிரின்), அசிட்ரோம் மாதிரி ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் பல் பிடுங்க அஞ்சு நாள் முன்னாடி நிறுத்தச் சொல்கிறார்களே, சரியா? அப்புறம், அரிவாள்மனையில் கை அறுத்தால் காபித்தூள், மஞ்சள்தூள் வைத்து அழுத்துவது நம் வீடுகளில் வழக்கம். அதில் ஏதாவது சாரம் உண்டா?

---

பல்லாங்குழி:

நீங்களாக நிறுத்தாதீர்கள். எக்கோஸ்ப்ரின் 75 பிளேட்லெட்டின் ஒரு என்ஸைமை நிரந்தரமாக முடக்குகிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு இல்லை, புது என்ஸைம் செய்துகொள்ள முடியாது, ஏழு முதல் பத்து நாள் ஆயுள் முழுக்க அப்படியே ஓடும். நிறுத்தினாலும் ஒரு நாளைக்கு சுமார் பத்தில் ஒரு பங்குதான் புதிதாக வரும். அந்த நாட்களில் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பல் குழி ரத்தமோ வாயைத் திறந்தால் தெரியும், அழுத்தினால் நிற்கும். ஒன்றோ ரெண்டோ பல் என்றால் எக்கோஸ்ப்ரினை நிறுத்தாமலே எடுக்கலாம். ஸ்டென்ட் வைத்துக் கூடவே க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர் இருதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.

அசிட்ரோம், வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். (ப்ரோத்ராம்பின் டைமை வைத்துக் கணக்கிடும் எண்) பார்க்கணும், பல் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்குள். 4-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமல், காலையிலேயே, ஒரு தடவைக்கு மூன்று பல்லுக்கு மேல் போகாமல், தையலும் டிரானெக்ஸாமிக் காஸுமாகச் செய்யலாம். காலையில் என்பதற்குக் காரணம், திரும்ப ரத்தம் வந்தால் கிளினிக் திறந்திருக்கும்.

பலரும் கோட்டைவிடுவது பிறகு எழுதும் சீட்டில். பல் சீழுக்கு மெட்ரோனிடஸோல் எழுதுவது நம் ஊரில் கைப்பழக்கம். அது வார்ஃபரின், அசிட்ரோம் ரெண்டையும் ஈரல் சிதைக்கவிடாமல் தடுக்கும். மூன்று நாளில் ஐ.என்.ஆர். தடதடவென்று ஏறும், குழியில் அஞ்சாம் நாள் ரத்தம் வரும், பல் டாக்டரைத் திட்டுவார்கள். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனஸோல் ஜெல்லும் அதே வேலையைச் செய்யும்.

மஞ்சள், காபித்தூள், ஊர்ப்பக்கம் வெட்டுக்காயப் பூண்டு: வேலை செய்வது பெரும்பாலும் அழுத்துகிற கட்டைவிரல்தான். தூளோடு அழுக்கும் காயத்துக்குள் போகும், தையல் போடுகிறவர் அதைச் சுரண்டி எடுக்கணும். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்தி, கையை நெஞ்சுக்குமேல் தூக்கிப் பிடித்தால் போதும்.

ஆனால் குழியில் எதையாவது வைத்து ரத்தத்தை நிறுத்தும் யோசனை ஒன்றும் கேலிக்குரியது இல்லை. 1934-ல் லண்டனில் மக்ஃபார்லேனும் பார்னெட்டும் ஹீமோபிலியாக்காரரின் பல் குழியில் கண்ணாடிவிரியன் விஷத்தை நீர்த்து வைத்து ரத்தத்தை நிறுத்திக் காட்டினார்கள். பின்னாளில், 1964-ல், உறைதல் படிப்படியாக ஒன்றை ஒன்று எழுப்பும் வரிசை என்று எழுதியவர்களில் அதே மக்ஃபார்லேன் ஒருவர்.

---

நீலமூடி:

விரியன் பேச்சு வந்ததால் ஒரு வரி. குழிக்குள் சொட்டு வைத்தால் ரத்தம் நிற்கும், கடித்து உடம்புக்குள் போனால் தலைகீழ். அந்த விஷம் 10-ஐயும் 5-ஐயும் நேரடியாக எழுப்பி, உடம்பு முழுக்க ஃபைப்ரினோஜனைச் செலவழித்துத் தீர்த்துவிடும். பிறகு ஈறு, ஊசி குத்தின இடம், சிறுநீர், எல்லா வழியிலும் கசியும். அங்கேதான் நம் பழைய கண்ணாடிக் குழாய்க்கு இன்னும் மரியாதை: 2 மி.லி. ரத்தம், சுத்தமான உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாய், இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து ஒருமுறை மட்டும் சாய்க்கணும். ஓடினால் விஷமுறிவு மருந்து. சோப்பு போட்டுக் கழுவின குழாயிலும் பிளாஸ்டிக்கிலும் நல்ல ரத்தமே உறையாமல் ஏமாற்றும். பெரிய ஓட்டையை மட்டும் காட்டும் கருவியைப் பெரிய ஓட்டையைத் தேடும் இடத்தில் வைத்துக்கொண்டால் சரி.

---

சயான்_லேப்தம்பி (நாலு நாள் கழித்து):

மூன்று பேருக்கும் நன்றி. ஜெல்லியை எடுத்து, ஸ்பான்ஜ் வைத்து, தையல் போட்டு, டிரானெக்ஸாமிக் காஸ் கடித்ததில் கசிவு நின்றது. சாம்பிள் கோடு வரை நிரப்பி மறுபடி எடுத்தோம். ஏ.பி.டி.டி. 47. மிக்ஸிங் 32, ரெண்டு மணி நேரம் கழித்தும் 33. ஃபாக்டர் 8 அளவு 11 சதவீதம். 9-உம் 11-உம் நார்மல். வான் வில்லிபிராண்ட் ஆன்டிஜன் 92, செயல்திறன் 88. இன்னொரு பல்லும் எடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த தடவைக்கு என்ன ஏற்பாடு?

---

உறைமோர்:

ஃபாக்டர் 8 அளவு 5-க்கும் 40 சதவீதத்துக்கும் நடுவில் இருப்பதால் லேசான ஹீமோபிலியா ஏ. இந்த வகையினர் வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருப்பார்கள், பல்லோ ஆபரேஷனோ வரும்போதுதான் வெளிப்படும். முத்திரை குத்துமுன் ஒன்று: வான் வில்லிபிராண்டில் 2என் என்று ஒரு வகை உண்டு. அதில் அந்தப் புரதம் அளவிலும் வேலையிலும் நார்மலாக இருக்கும், ஃபாக்டர் 8-ஐச் சுமக்கும் கை மட்டும் பழுது. ரிப்போர்ட் அச்சு அசலாக இப்படியே வரும். குடும்பத்தில் பெண்களுக்கும் இதே அளவு குறைந்திருந்தால் அதைத் தேடணும். தாய்மாமன், தாய்வழித் தாத்தா என்று ஆண்களில் மட்டும் ஓடினால் ஹீமோபிலியா. அக்கா தங்கையையும் அளக்கச் சொல்லுங்கள், அவர்கள் இந்தக் குறையின் ஜீனைச் சுமப்பவர்களாக இருந்தால் பிரசவத்துக்கு முன்னாடியே தெரிந்திருக்கணும். மகள் இருந்தால் அவள் நிச்சயம் சுமப்பவள், மகனுக்கு வராது.

ஏற்பாடு ரெண்டு விதம். ஒன்று டெஸ்மோபிரஸின்: கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம், 60 கிலோவுக்கு 18. சலைனில் 50 மி.லி. ஆக்கி அரை மணி நேரத்தில் ஏற்றணும். சேமித்து வைத்த வான் வில்லிபிராண்டைக் குழாய்ச் சுவர் வெளியே விடும், 8-உம் கூடவே ரெண்டு முதல் நாலு மடங்கு ஏறும், ஒரு மணி நேரத்தில் உச்சம். எல்லோருக்கும் ஏறாது, அதனால் பல் நாளுக்கு முன்பே ஒருமுறை கொடுத்து அளந்து பார்ப்பது வழக்கம். 11 என்பது 35-க்காவது போகிறதா? அடுத்தடுத்த நாள் கொடுத்தால் கிடங்கு காலியாகி ஏற்றம் குறையும். அன்றைக்குத் தண்ணீரை ஒரு லிட்டருக்குள் வைக்கணும், சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். இருதயக் கோளாறு உள்ளவருக்கு வேண்டாம். குழந்தைகள் படுக்கையில் சிறுநீர் போவதற்கு முன்பெல்லாம் கொடுத்த மூக்கு ஸ்ப்ரேயும் இதே மருந்துதான், ஆனால் ஒருமுறை அழுத்தினால் வருவது 10 மைக்ரோகிராம். ரத்தத்துக்கு வேண்டியது 150. மெடிக்கல் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அது பலிக்காவிட்டால் ஃபாக்டர் 8. எடை × ஏற்ற வேண்டிய சதவீதம் × 0.5. 11-லிருந்து 50-க்கு என்றால் 60 × 39 × 0.5 = 1170 யூனிட், மருந்துக் குப்பியின் அளவைக் கணக்கிட்டு 1250. பல் எடுப்பதற்குச் சற்று முன்னால். பாதி அளவு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் போய்விடும், ஆனாலும் ஒரு பல்லுக்கு அந்த ஒரு டோஸும் ஒரு வார டிரானெக்ஸாமிக்கும் பெரும்பாலும் போதும். குப்பியைக் குலுக்காமல் உருட்டிக் கரையுங்கள்.

கடைசியாக, அவர் பர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும்: ஹீமோபிலியா ஏ, ஃபாக்டர் 8 அளவு 11, ஆஸ்பிரின் வேண்டாம், சதையில் ஊசி வேண்டாம். தடுப்பூசி போட நேர்ந்தால் மெல்லிய ஊசி, பிறகு பத்து நிமிடம் அழுத்தம். தேய்த்துவிடக் கூடாது. தலையில் அடிபட்டால் வீக்கம் வருகிறதா என்று வீட்டில் காத்திராமல் முதலில் ஃபாக்டர், அப்புறம் ஸ்கேன். இந்தக் கடைசி வரியை மராத்தியிலும் எழுதிக்கொள்ளுங்கள், ராத்திரி கேஷுவாலிட்டியில் அட்டையை யார் படிப்பார்கள் என்று தெரியாது.